தோமிசாவா எழுதிய மலை

மை இழைத்துக்கொண்டிருக்கும்போது யார் என்ன கேட்டாலும் பேராசிரியர் தோமிசாவாவிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "செத்த இருங்க." கல்லில் தண்ணீர் விட்டு, சந்தனம் இழைப்பதுபோல் மைக்கட்டியை மெதுவாக இழைப்பார். டெலிபோன் அடித்து ஓய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

கியோட்டோக்காரர். சிதம்பரத்தில் ஆறு வருஷம் தங்கித் தமிழ் படித்தவர். இப்போது மொன்ட்ரியாலில் பல்கலைக்கழகப் பேராசிரியர். புறநகரான புவாண்ட்-கிளேரில் எங்களுக்கு அடுத்த வீடு. ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, "பெருங்காயம் பத்தலைம்மா" என்று முகத்துக்கு நேரே சொல்வார். எனக்குக் கோபம் வராது. வருகிறவர்களிடமெல்லாம் "எங்கள் தோமிசாவா" என்று காட்டிப் பெருமையடித்துக்கொள்கிறவள் நான்.

ஜப்பானியத் தூரிகை எழுத்தில் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது, ஒலிம்பிக் வருகிறதென்று தோண்டிப் போட்டுக் கிடக்கிற இந்த ஊருக்குத் தெரியாது. போன மாதம்தான் ஒரு கண்காட்சியில் நடுச்சுவரை அவருக்கு ஒதுக்கினார்கள். "இத்தனை நாள் வாத்தியார்னுதான் கூப்பிட்டாங்க. இப்பதாம்மா எழுதறவன்னு கூப்பிடறாங்க" என்றார்.

கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டிய அன்று காலை, நாங்களும் அவர் வீட்டில் இருந்தபோது, இருந்த ஒரே பெரிய தாளில் 'மலை' என்று பொருள்படும் ஒற்றை ஜப்பானிய எழுத்தை எழுதினார். கடைசிக் கோட்டில் மை வற்றி, வெள்ளைக் கீற்றுகள் விழுந்தன. அதுதான் அழகே. திருப்தியோடு வாசல் பனியை வழிக்கப் போனார்.

என் கணவர் ஆனந்தகிருஷ்ணன் எஞ்சினியர். ஓட்டையைப் பார்த்தால் அடைக்காமல் அவர் கை சும்மா இருக்காது. சின்னத் தூரிகையை எடுத்து வெள்ளையையெல்லாம் கருப்பாக்கிவிட்டார். "விட்டுப்போயிருந்தது சார், சரிபண்ணிட்டேன்!"

தோமிசாவாவின் முகம் சுருங்கிப்போயிற்று. எழுதிய கோட்டை எழுதியவரே மறுபடி தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அவருடைய எழுத்து என்பதற்கு அடையாளம் கடைசியில் வைக்கும் சிவப்பு முத்திரை. அது இன்னும் விழவில்லை.

தாளை எடுத்துப்போக வந்த கண்காட்சிக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பிரெஞ்சில் கெஞ்சினார். யாருக்குத் தெரியப்போகிறது, முத்திரையைப் போடுங்கள். இல்லையென்றால் சுவர் வேறொருவருக்குப் போய்விடும் என்றார்.

"செத்த இருங்க" என்றார் தோமிசாவா, தமிழிலேயே. பிறகு என் பக்கம் திரும்பி, "பார்சல் சுத்தற தாள் இருக்காம்மா?"

ஓடிப்போய்ப் பழுப்புத் தாள் சுருளைக் கொண்டுவந்தேன். விரித்தார். கண்ணை மூடித் திறந்தார். மலை எழுந்து நின்றது! கடைசிக் கோட்டில் மை வற்றி, பழுப்பு கீற்றாகத் தெரிந்தது. முத்திரை வைத்தார். பார்சல் தாள் நடுச்சுவருக்குக் கிளம்பிப் போனபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை, கண்ணும் கலங்கிவிட்டது.

என் கணவர் மட்டும் மூலையில் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார். தோமிசாவா முதல் தாளை அவர் முன்னால் விரித்தார். சின்னத் தூரிகையை மையில் தோய்த்து, அவர் விரல்களுக்கிடையில் பக்குவமாகப் பொருத்தினார்.

"இது உங்க மலை சார்" என்று இடது கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார். "கையெழுத்துப் போடுங்க."