மன்னி குடிக்காத ஜலம்

'ஊ...ங்' என்று ஆரம்பிக்கும். ஜலதோஷம் பிடித்த நாகஸ்வரக்காரர் சுருதி தேடுவதுபோல மேலேயும் கீழேயும் போய், பின்கட்டிலிருந்து குழாய் வழியாகவே ஊர்ந்து கூடத்துக்கு வந்து, அங்கிருந்து வாசலைத் தாண்டி எதிர்வீடுவரை கேட்கும். திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு 'ஃப்ளஷ் அவுட்' கக்கூஸில் யாராவது சங்கிலியை இழுத்துவிட்டு வந்தால், தொட்டி மறுபடி நிறைகிறவரை இந்த ஊளைதான்.

திருவனந்தபுரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. எங்கள் தெருவில் முதன்முதலாகச் சங்கிலிக் கக்கூஸ் கட்டியவர் அப்பா. சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம், புதுமை என்றால் பித்து. தலைக்கு மேலே இரும்புத் தொட்டி, அதற்குள் மிதக்கும் செம்புப் பந்து, பந்து மேலேறியதும் தண்ணீரை அடைக்கும் வால்வு என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவர் விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அந்த வால்வு கெட்டு ஊளையிட ஆரம்பித்தபோதும் அவருக்கு வருத்தமே இல்லை. எதிர்வீட்டு மாமா, "என்ன ஓய், மோட்டார் பொறப்பட்டாச்சா?" என்று கத்துவார். "கேக்கட்டுமே ஓய், ஊருக்கெல்லாம் கேக்கட்டும்!" என்று அப்பாவும் சிரிப்பார். யார் எப்போது போய்வந்தார்கள் என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. எங்களுக்கும் அது ஒரு தமாஷாகத்தான் இருந்தது.

அந்த ஐப்பசியில் அண்ணாவுக்கு மனைவியாக மன்னி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்லிடைக்குறிச்சிப் பெண், பதினேழு வயது. அவள் குரல் அடுக்களையைத் தாண்டி நான் கேட்டதில்லை. நன்றாகத்தான் சாப்பிட்டாள், ஆனால் இலைக்குப் பக்கத்தில் வைத்த சொம்பு ஜலம் வைத்தபடியே இருக்கும். நாளாக ஆக உதடு வெடித்தது, முகம் வாடியது, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். நீர்க்கடுப்பு என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். கிணற்றடியில் வைத்து, "ஏண்டி கொழந்தே, ஏன் ஜலமே குடிக்க மாட்டேங்கறே?" என்று கேட்டாள்.

மன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜலம் குடிச்சா அங்கே போகணுமே அம்மா. போனா தெருவே சிரிக்கறதே" என்றாள். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த நான், அதுவரை நாங்கள் சிரித்ததையெல்லாம் நினைத்துக்கொண்டு, துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

அம்மா நேரே கூடத்துக்குப் போனாள்.

"இங்க பாருங்கோ, அந்த வால்வைச் சரி பண்ணியாகணும்."

"ஏன்? நன்னாத்தானே ஓடறது?"

"ஒங்க மாட்டுப்பொண் ஜலம் குடிக்காமக் கெடக்கா. ஒங்க மோட்டாருக்குப் பயந்துண்டு."

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. குழாய் ஃபிட்டருக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "வேண்டாம். என்ன கேடுன்னு கேப்பன், நாலு பேர்ட்டப் போய்ச் சொல்லுவன். நானே பாத்துக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மன்னியைக் கோவிலுக்கு அழைத்துப் போகும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா குழாயை அடைத்தார். முக்காலிமேல் ஏறி வால்வைக் கழற்றினார். உள்ளே இருந்த தோல் வாஷர் நைந்து நூலாய்ப் போயிருந்தது. தன் பழைய செருப்பிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டினார். தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தால் அதுவும் சத்தம்தானே என்று, எனிமா கேனின் ரப்பர் குழாயை நறுக்கி வால்வின் வாயில் மாட்டித் தொட்டியின் அடிவரை தொங்கவிட்டார். கக்கூஸ் தொட்டியையும் செருப்புத் தோலையும் ஒரே நாளில் தொட்டவர், யாரும் சொல்லாமலே கிணற்றில் இறைத்து இறைத்துத் தலையில் கொட்டிக்கொண்டார்.

சாயங்காலம் எதிர்வீட்டு மாமா கேட்டே விட்டார்: "என்ன ஓய், மோட்டார் நின்னுபோச்சா?"

"நேக்கு அந்த ஊளை ஒச்சை பிடிக்கலை ஓய். ஒரே தலைவலியாக்கும்" என்றார் அப்பா.

அடுக்களையில் மன்னி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாப்பிட உட்கார்ந்ததும் சொம்பைத் தூக்கி மடமடவென்று முழுசும் குடித்தாள். அம்மா கூடத்துக்கு வந்து, "குடிச்சா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

இன்று அந்த வீடும் இல்லை, சங்கிலியும் இல்லை, "மோட்டார்" என்று கத்த எதிர்வீட்டு மாமாவும் இல்லை. நான் இருக்கும் ஃப்ளாட்டில் பொத்தானை அழுத்தினால் தொட்டி நிறைவதே காதில் விழுவதில்லை. அந்த நிசப்தத்தில் எனக்கு அப்பாவின் கடைசி நாள்தான் ஞாபகம் வரும். கங்கா ஜலச் செம்பைத் திறந்து, அப்பா வாயில் முதலில் யார் விடுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமனாருக்கு எதிரில் நின்று பேசியே அறியாத மன்னி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உத்தரணிக் கரண்டியை எடுத்தாள்.

"நேக்கு ஜலம் குடுத்தவராக்கும். நான் விடறேன்" என்றாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மா மட்டும் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.