நான்கு மூலை மஞ்சள்

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. இண்டர்மீடியட் தேறிவிட்டுச் சின்ன காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டில் இருந்த நாட்களில், வாசலுக்கும் வீதிமுனைக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தேன். வெளியூர்ச் சர்வகலாசாலை ஒன்றில் புத்தகசாலை உதவியாளர் வேலை காலி என்று பத்திரிகையில் வந்திருந்தது. அக்காவின் புருஷர் அரிசி மண்டி வைத்திருந்தார்.

"ஆடிக்குள்ள வேலை வரலன்னா மண்டில வந்து உக்காந்துடுப்பா" என்று கெடு வைத்துவிட்டார். நெல் தூசி பட்டாலே எனக்குத் தும்மல். மூட்டைகளுக்கு நடுவில் ஆயுள் போய்விடுமோ என்று பயந்து செத்தேன்.

மனுவை எழுதி உறையில் போட்டு ஒட்டியதும், அக்கா மஞ்சளைக் குழைத்து வந்து நான்கு மூலையிலும் தடவினாள்.

"இன்னாக்கா இது?"

"நல்ல காரியத்துக்குப் போறதுடா. வெறுமனே அனுப்புவாங்களா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அப்படியே தபாலில் சேர்த்தேன்.

என்னோடு படித்தவன் ஒருவனும் அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தான். மனு கிடைத்தது என்று அவனுக்கு ஒரு வாரத்தில் கார்டு வந்தது. எனக்கு வரவில்லை. தபால்காரர் தேரடி திரும்பும்போதே எதிரே போய் நிற்பேன்.

"உனுக்கு வந்தா நானே ஓடியாந்து குடுக்க மாட்டனா? போப்பா" என்று அவர் அலுத்துக்கொள்வார். சோறு இறங்கவில்லை. கடைசித் தேதியும் போயிற்று. இனித் தாங்காது என்று மறுநாள் விடிந்ததும் ரயிலேறிவிட்டேன்.

சர்வகலாசாலை ஆபீசில் தலைமை குமாஸ்தா பதிவேட்டை இரண்டு தரம் புரட்டினார். "உன் பேரே இல்லையேப்பா."

"போட்டேனுங்க, சத்தியமா போட்டேன்!" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் ஜன்னலோரம் பார்வை போனது. ஆபீசின் பெரிய அதிகாரிக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை, அவர் வீட்டுக்கு அனுப்புவதற்காக அங்கே அடுக்கியிருந்தார்கள். மூன்றாவது உறையில் என் கையெழுத்து. அடப்பாவிகளா!

"மஞ்சளைப் பாத்துட்டு கல்யாணம்னு வெச்சிட்டான்பா தபால் பிரிக்கறவன்" என்று தலைமை குமாஸ்தா சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. எவ்வளவு கெஞ்சியும், நேற்றோடு மனு வாங்குவதை முடித்துப் பதிவேட்டில் கோடு போட்டாயிற்று என்று கையை விரித்துவிட்டார்.

வாசல்வரை போனேன். மண்டியை நினைத்ததும் திரும்பி வந்து அவர் எதிரிலேயே நின்றேன். போகச் சொன்னார், போகவில்லை. கடைசியில் அவரே சலித்துப்போய், "தபால் பிரிக்க வேற ஆள் வேணும். சம்பளம் கம்மி. இருக்கறியா?" என்றார். இருந்துவிட்டேன்.

புத்தகசாலை வேலை என்னோடு படித்தவனுக்குக் கிடைத்தது. தினமும் அவன் மாடிப்படி ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்?

நாலைந்து வருஷம் கழித்துக் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். தபாலை வேறொருவன் பிரித்திருந்தான். திரும்பிப் போன காலையில், அதே ஜன்னலோரம், பத்திரிகைகளுக்கு நடுவில் மஞ்சள் மூலையோடு ஓர் உறை கொஞ்சம் தடியாக இருந்தது. பிரித்தேன். உதவி ஆசிரியர் வேலைக்கு எவனோ எழுதிய மனு. தபால் முத்திரை நான்கு நாளைக்கு முந்தியது. கெடு நேற்றோடு முடிந்து, பதிவேட்டில் கோடும் போட்டாயிற்று.

எனக்கு உட்காரக்கூட முடியவில்லை. நின்றபடியே ஆபீஸ் தேதி முத்திரையை ஒரு நாள் பின்னால் திருப்பி, மனுவின்மேல் ஓங்கிக் குத்தினேன். கோட்டுக்கு மேலிருந்த இடுக்கில் அவன் பெயரை நெருக்கி எழுதினேன்.

தலைமை குமாஸ்தா மஞ்சளைப் பார்த்து நிமிர்ந்தார். "யாருக்குப்பா கல்யாணம்?"

"மனுங்க" என்றேன். "நேத்தே வந்துடுச்சி."