ஓட்டை இல்லாத பட்டன்

தம்பி வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை காலை. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொள்கிறவன்தான். அன்றும் அப்படித்தான் போனான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், தலை வாரினான், "போய் பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்" என்று ரத்தம் ஏற்றிக்கொள்வதை வழக்கம்போலக் கேலியாகச் சொன்னான். மூச்சு வாங்குகிறதே, ஆட்டோ வைத்துக்கொண்டு போ என்று பெரியம்மா வாசலிலிருந்து சொன்னாள். அவன் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினான். பிறகு வரவில்லை.

பெரியம்மாவின் ஒரே மகன். பிறவியிலேயே தலசீமியா, அவன் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே உண்டாக்காது. யார் யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் வளர்ந்து மீசை வைத்தான். கடைசி வருஷங்களில் அவன் முகம் சாம்பல் பூசினாற்போலக் கறுத்துவிட்டது. அன்று அவன் உயிர் போன பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் நெடுநேரம் பேசினார். பெரியம்மாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: இதயத்தில் இரும்பு படிந்துவிட்டது.

அதோடு வீட்டை விட்டு இரும்பு வெளியேறியது. இரும்புச் சட்டி பழைய சாமான்காரனிடம் போனது. கீரை நின்றது, ஈரல் நின்றது, பேரீச்சம்பழம் நின்றது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்கூட "கைய எடு" என்பாள் பெரியம்மா. விருந்தாளிகள் வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பார்கள். வீட்டில் யாரும் சிரிக்க மாட்டோம்.

நான் சொல்ல வந்தது அந்த அக்காவைப் பற்றி. பெரியம்மாவின் மூத்த மகள். ஒரு சட்டைப் பட்டறையில் காஜா எடுக்கிற வேலை. பட்டன் நுழைகிற துளைதான் காஜா. துணியை வெட்டி, வெட்டிய விளிம்பு பிரியாமல் நூலால் கட்ட வேண்டும். ஒரு நூல் தப்பினாலும் சட்டை பாழ். அவள் கை தப்பியதில்லை. பட்டறையில் எல்லோருக்கும் அவள் காஜாக்கா. சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து மிஷின்காரிக்கே யாரென்று தெரியாது.

தம்பி போன பிறகு வீட்டில் அனைவருக்கும் ரத்தம் சோதித்தார்கள். அக்காவிடம் அதே கோளாறு பாதி இருந்தது. பாதி என்றால் நோயில்லை, ரத்தம் எப்போதும் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான் என்றார்கள். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் ரத்தத்தையும் பார்த்தாயிற்று. அவரிடம் அது இல்லை. அதனால் பிறக்கிற பிள்ளைக்குத் தம்பியின் நோய் வராது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் தொட்டில் வாங்கவில்லை.

பல வருஷம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் திரும்பியபோது அக்காவுக்கு ஏழாம் மாதம். கதவைத் திறந்தவளின் உதடும் பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவரும் ஒரே நிறம். மாடிப்படியில் பாதியில் நின்று, ஏதோ யோசிப்பவள்போல நடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கட்டிங் மாஸ்டர் கோபத்தில் இருந்தார். துணியில் கோடு போடுகிற சாக்பீஸ்கள் தொடர்ந்து காணாமல் போய்க்கொண்டிருந்தன.

"எலி திங்குதா, மனுஷன் திங்குறானான்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு மேஜையாகத் துழாவியவர், அக்காவின் மிஷினுக்குப் பக்கத்திலிருந்த பட்டன் டப்பாவையும் திறந்தார். சிவப்புப் பட்டன்களுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"ஏம்மா, இந்தப் பட்டன்ல ஓட்டையே இல்லையே. எப்படித் தைக்கிறது?"

பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் வாயோரத்தில் வெள்ளையாகச் சாக்பீஸ் தூள். மாஸ்டர் அதைப் பார்த்தார். டப்பாவை மெதுவாக மூடினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இவள எங்கயாவது காட்டும்மா" என்று மட்டும் சொன்னார்.

அது பட்டனல்ல, இரும்புச் சத்து மாத்திரை; டப்பாவில் நிறையக் கிடந்தன. தெருமுனை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கொடுப்பதுபோல அவளுக்கும் கொடுத்திருந்தாள். அங்கிருந்த டாக்டர் பழைய சோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ரத்தம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார். அக்கா பெரியம்மாவுக்குத் தெரியாமல் சில நாள் விழுங்கியிருக்கிறாள். பிறகு மலம் கறுப்பாகப் போனது. தம்பியின் நிறம் தன் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது என்று நினைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைக்கென்று கொடுத்ததைக் குப்பையில் போடவும் மனசு வராமல், பட்டனோடு பட்டனாகப் போட்டு வைத்திருந்தாள்.

மறுநாள் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா நகத்தைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், சாக்பீஸ் விஷயத்தைக் கேட்டதும், இரும்பு குறைந்தால் அப்படித்தான் தின்னத் தோன்றும் என்று தலையாட்டினார். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று தனியாக ஒரு சோதனை எழுதினார். முடிவு வந்தபோது சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

"என் தம்பி இரும்பாலதான் செத்தான்" என்றாள் அக்கா.

"தம்பிக்கு அது பாட்டில் பாட்டிலா ஏத்துன ரத்தத்துல இருந்து வந்து சேர்ந்ததும்மா. நீங்க ஒரு பாட்டில்கூட ஏத்திக்கிட்டதில்ல. உங்க கஜானா காலி. இருக்கிற கொஞ்சத்தையும் புள்ள எடுத்துக்குது."

கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். பாதிக் கோளாறு இருப்பதாலேயே இரும்புக் குறை வராது என்றில்லை, இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும் என்றார். மாத்திரையால் சரிக்கட்ட நாள் போதாது, இரும்பையே ஊசி வழியாக ஏற்றிவிடலாம். இல்லாவிட்டால் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலும் தாங்காது. "அப்ப தம்பிக்கு ஏத்துன மாதிரி உங்களுக்கும் ரத்தம் ஏத்தணும். அதுக்கு நேரம் கிடைக்கணுமே."

வீட்டில் பெரியம்மா இடி விழுந்தவள்போல உட்கார்ந்துவிட்டாள். சொன்ன எதுவும் அவளுக்குள் போகவில்லை. ஏற்றிக்கொள்ள வேண்டிய நாளன்று காலையில், வாசற்கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"அவனும் இப்படித்தான் தலைய வாரிட்டுக் கிளம்பினான்."

"வழி விடும்மா" என்றாள் அக்கா.

"ஒருத்தனக் குடுத்துட்டேன். உன்னையும் என் கையாலயே அனுப்பச் சொல்றியா?"

அக்காவின் கணவர், மாமா, பெரியம்மாவின் தோளைத் தொட்டு நகர்த்தப் பார்த்தார். லாரி மெக்கானிக், வாயே திறக்காத மனிதர். அவள் அசையவில்லை. அக்கா வயிற்றைக் கையால் தாங்கி, பக்கவாட்டில் ஒடுங்கி, அம்மாவின் உடம்பை உரசிக்கொண்டே வெளியேறினாள்.

ஏற்றியது கரும்பழுப்புத் திரவம். அது குழாயில் இறங்கி வருவதை அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். கை ஜில்லென்றிருப்பதாகச் சொன்னாள். நான் கட்டிலின் இடப்பக்கம் போனபோது தலையை அசைத்தாள்.

"அங்க உக்காராத. அவன் உக்காந்திருக்கான்."

சொல்லும்போது அவள் குரலில் பயமில்லை. நான் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். இடப்பக்க நாற்காலியை அன்று முழுவதும் யாரும் தொடவில்லை. துடைக்க வந்த அம்மாள்கூட அதை அப்படியே விட்டுச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

பிரசவத்தில் பயந்தது நடந்தது. ரத்தம் நிற்க நேரமானது. கதவு திறந்து மூடியது, நர்ஸுகள் ஓடினார்கள், மாமா நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றார். பிறகு டாக்டரம்மா வெளியே வந்து, தாங்கிக்கொண்டாள் என்றார். வேறொருவர் ரத்தம் தேவைப்படவில்லை. பெண் குழந்தை.

பெரியம்மா வந்தாள். முதலில் மகளின் நகங்களைப் பார்த்தாள். அப்புறம்தான் குழந்தையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதன் நிறத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சவில்லை.

அக்கா மறுபடியும் காஜாவுக்குப் போகத் தொடங்கினாள். நானும் வேறு ஊருக்குக் கிளம்பினேன். குழந்தை நடந்து, ஓடி, பேச்சில் எல்லோரையும் மடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு மத்தியானம் என் போனுக்குப் பெரியம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. அதற்கு முன் அவள் எனக்கு எதுவும் அனுப்பியதில்லை. பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம், பேச்சு வெளியே கேட்காதிருக்க வேண்டுமென்றே திறந்துவிட்டிருக்கிறாள்.

"நான்தான்மா. நீ நாலு இடம் போனவ, நாலு பேரு தெரியும், அதான் கேக்கறேன். தம்பி கைப்புள்ளையா இருந்தப்ப வெளுத்துப் போய் இருந்தான். நோயின்னு தெரியாது. கடையில இரும்பு டானிக் வாங்கி நானே ஊட்டினேன். துப்புவான், மூக்கைப் பிடிச்சு ஊட்டுவேன். ரொம்ப நாள் ஊட்டினேன். டாக்டர்கிட்டக்கூடச் சொன்னதில்ல. அவன் நெஞ்சுல படிஞ்ச இரும்பு ரத்தத்துல வந்ததா, என் கையில வந்ததா? யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லு. அக்காவுக்குத் தெரிய வேணாம்."