நத்தார் வான்கோழியும் மூன்று துவக்குகளும்

போரில் வெடித்த துவக்குகளுக்குப் பயந்து நான் கனடாவுக்கு அனுப்பிய மகன், அங்கே வான்கோழி வேட்டைக்கு இழுத்துச் சுடும் மலிவான பம்ப் துவக்கொன்று வாங்கப் போகிறானாம். எது நல்லதென்று கேட்டு, மூன்றின் படங்களை ஒரே தாளில் அனுப்பியிருந்தான். அக்கரையிலிருக்கும் தங்கையிடம் காட்ட அதைக் கொண்டுபோனேன். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் கடற்படையினர் பைகளைச் சோதிப்பதைக் கண்டதும் தாளைப் பையிலிருந்து எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வெண்தாடிக்காரர், கூடையிலிருந்த, கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கான வான்கோழியின் கழுத்தை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தார். திரும்பிப் படத்தைப் பார்த்தார். கனடாவில் மகன் வான்கோழி சுட வாங்கப் போகிறான் என்றேன்.

"வான்கோழிக்குத் துவக்கோ, தங்கச்சி? இது கூப்பிட்டா மடியிலை ஏறும்!"

தாளை வாங்கி வான்கோழியின் அடியில் செருகினார். கூடையை யாரும் கிளறவில்லை.

படகில் தாளைத் திருப்பித் தந்தார். வான்கோழியின் எச்சம் பட்டு இரண்டு துவக்குகள் மறைந்துபோயிருந்தன.

"மிஞ்சினதை வாங்கச் சொல்லும்."

அப்படியே மகனுக்கு எழுதினேன். அவர் அந்த வான்கோழியை நத்தாருக்கு வெட்டினாரா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.