சூட்டுக்குழாய்க்குப் பின்னால் நாலு புட்டி

ஐலியின் மூக்கைப் பற்றிப் பின்லாந்தின் துர்க்கு துறைமுகத்தில் தெரியாதவர்கள் கிடையாது. மோப்பநாய் லீவு போட்டால் ஐலியைக் கூப்பிடலாம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஸ்டாக்ஹோம் போகும் கப்பலின் ஏறுவாசலில் நின்று பயணிகளின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் பல வருஷம் அதே கப்பலில் அறை கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஆகவே வாசலில் ஏமாற்றியவன் உள்ளே போய் எங்கே ஒளிப்பான் என்பதும் அவளுக்கு அத்துப்படி.

கப்பலின் சட்டம் சின்னதுதான். வெளியிலிருந்து கொண்டுவரும் சாராயம் எதையும் கப்பலில் குடிக்கக் கூடாது. கொண்டுவந்துவிட்டால் வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், இறங்கும்போது திருப்பித் தருவார்கள். ஒப்படைக்காமல் அறையில் அகப்பட்டால் அடுத்த துறையில் மூட்டைமுடிச்சோடு இறக்கிவிடுவார்கள். ஊழியர் பேரில் எடுத்த அறையில் அகப்பட்டு, வேறு யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டாலோ, அந்த ஊழியருக்கு அன்றோடு வேலை போச்சு.

ஷாம்பு புட்டியில் வோட்கா, ரொட்டிக்குள்ளே குடைந்து வைத்த குப்பி, குழந்தையின் அணையாடைக்கு நடுவே பிராந்தி, எல்லாம் பார்த்தவள் ஐலி. அவளுக்கு இந்தச் சந்தேகம் வேலையில் வந்ததல்ல, பிறந்த வீட்டிலேயே வந்தது. அவள் அப்பா விறகு அடுக்குக்குள் ஒளிப்பார், அம்மா தேடுவாள், சின்னப்பிள்ளை ஐலிதான் மோந்து கண்டுபிடிப்பாள். அம்மாவின் அக்காள் புருஷன் குஸ்தா கோயில் மணியக்காரர், ஊரே கையெடுத்துக் கும்பிடும் ஆள். அவர் செத்த பிறகு கோயில் ஆர்கன் பெட்டியின் துருத்திக்குள்ளிருந்து காலிப் புட்டிகளாக எடுத்தார்கள். அன்றைக்கு ஐலி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்: குடிகாரன் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவான், யோக்கியன்தான் பத்திரமாக ஒளிப்பான்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் லெம்பி சம்பந்தியாக வாய்த்தாள்.

ஐலியின் ஒரே மகள் தூலா, கவுஹவாவிலிருந்து வந்து துர்க்குவில் படித்த எர்க்கி என்ற பையனை விரும்பினாள். பையன் தங்கம். அவன் அம்மா லெம்பி அந்த ஊர் மதுவிலக்குச் சங்கத்துத் தலைவி. வடக்கே அந்தப் பக்கத்துப் பக்திக்கூட்டத்துப் பெண்கள் போலவே கறுப்பு உடுப்பு, நடுவகிடு, நகை கிடையாது, சிரிப்பும் அளந்துதான். கப்பலில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் பெண் எடுப்பதா என்று அந்தம்மா ரொம்ப நாள் யோசித்தாளாம். கடைசியில், நேரில் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

எங்கே பார்ப்பது என்றதும் தூலாதான் யோசனை சொன்னாள். மே முதல் தேதி வாப்பு பண்டிகைக்குப் பாதி ஊர் கப்பலில்தானே இருக்கும், அம்மா பேரில் சலுகையில் அறை கிடைக்கும், காலையில் ஏறினால் மறுநாள் காலையில் திரும்பிவிடலாம். தூலாவும் எர்க்கியும் தனித்தனிச் சின்ன அறையில், இரண்டு தாய்மார்களும் ஐலி பேரில் எடுத்த ஓர் அறையில். ஒரே அறையில் படுத்தால் ஒட்டிக்கொள்வார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை. ஏறுவாசலில் பள்ளி முடித்தவர்களின் வெள்ளைத் தொப்பிகளும் பலூன்களுமாக ஒரே நெரிசல். அன்றைக்கு வாசலில் நின்றவன் ரைமோ, கப்பல் கிளம்பிய பிறகு உள்ளே காவலும் அவன்தான். ஐலியிடம் வேலை கற்றுக்கொண்டவன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இவர்களைப் பார்த்ததும் கையசைத்து உள்ளே விட்டுவிட்டான். "எங்க அக்கா கூட வர்றவங்க பையை நான் திறந்தா, எனக்குச் சோறு இறங்குமா?" என்றான்.

நாலு எட்டு வைத்திருப்பார்கள். லெம்பியின் துணிப்பை கைப்பிடிச் சட்டத்தில் இடித்தது. க்ளிங்.

அந்தச் சத்தம் ஐலிக்குத் தாலாட்டு மாதிரி பழக்கம். கம்பளித் துணி சுற்றிய கண்ணாடி, உள்ளே நிறைய, ஒன்றுக்கு மேலே. அவள் லெம்பியைப் பார்த்தாள். லெம்பி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி நடந்தாள்.

திரும்பி வாசலுக்குப் போனால் சோதிக்காமல் விட்ட ரைமோ மாட்டுவான். நேரே கேட்கலாமென்றால், மதுவிலக்குச் சங்கத்துத் தலைவியைப் பார்த்து, முதல் நாளே, சாராயம் வைத்திருக்கிறீர்களா என்று எந்த வாயால் கேட்பது? சொல்லாமல் விட்டால் அறை ஐலி பேரில். ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. கேட்டால் மகள் வாழ்வு, கேட்காவிட்டால் தன் பிழைப்பு. ஐலி வாயை மூடிக்கொண்டாள், கண்ணையும் மூக்கையும் திறந்து வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் லெம்பி ஊறுகாய் மீனும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பிரார்த்தித்துவிட்டு, நிதானமாகச் சாப்பிட்டாள். பாதியில் எழுந்தாள். அறைக்குப் போய்ப் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். திரும்பி வந்தபோது கை ஈரம், கன்னத்தில் சிவப்பு. பக்கத்தில் உட்கார்ந்ததும் ஐலியின் மூக்கில் ஏறியது: ஈஸ்ட், எலுமிச்சை, சர்க்கரை.

கில்யு! வீட்டிலேயே சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் பொங்கவிட்டுக் குடிக்கிற மட்டச் சாராயம். அப்பாவின் விறகு அடுக்கு வாசனை.

காப்பி வந்தது. முறுக்குப் பிழிந்த மாதிரி பொரித்துச் சர்க்கரை தூவிய வாப்புப் பலகாரமும் வந்தது. லெம்பி மறுபடியும் எழுந்தாள். எர்க்கிகூட, என்னம்மா உடம்புக்கு, என்று கேட்டான். ஒன்றுமில்லை, இப்போது வந்துவிடுகிறேன் என்றாள். மறுபடியும் ஈரக்கை, மறுபடியும் அதே வாசனை. ஐலிக்குக் குஸ்தா பெரியப்பா ஞாபகத்துக்கு வந்தார். பாவம் எர்க்கி, அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று இரக்கப்படவும் செய்தாள்.

மத்தியானம் மேல்தளத்தில் பக்திப்பாட்டு நடந்தது. லெம்பி அதற்குப் போனாள். ஐலி அறைக்கு ஓடினாள்.

பிறத்தியார் பையை ஆயிரம் தடவை திறந்தவள்தான். சீருடை இல்லாமல் திறப்பது இதுதான் முதல் தடவை. கம்பளிக் காலுறைக்குள் நாலு கண்ணாடிப் புட்டிகள், கம்பி வைத்து அழுத்திய மூடி, உள்ளே மஞ்சள் திரவம். மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. உச்சியில் என்னவோ கறுப்பாக மிதந்தது, அதை அவள் கவனித்துப் பார்க்கவில்லை. மூக்கு தீர்ப்புச் சொன்ன பிறகு கண்ணுக்கு என்ன வேலை?

கடலில் வீசலாமென்றால் தளமெங்கும் ஆள். கழிவறையில் கொட்டினால் அறை நாறும். எங்கே வைத்தால் ஒரு காவலாளும் பார்க்கமாட்டான் என்பது கப்பலிலேயே அவளுக்குத்தான் தெரியும். குளியலறைச் சுவரில், அறையைச் சூடாக்க வெந்நீர் ஓடும் சூட்டுக்குழாயை மூடிய தகரம், நாணயத்தால் திருகினால் கழன்று வரும். எத்தனையோ பேர் ஒளித்து வைத்து, அவள் எடுத்துப் பிடித்துக் கொடுத்த இடம். நாலு புட்டியையும் அங்கே வைத்து மூடினாள். துர்க்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போட்டுவிடலாம், சம்பந்தியும் புட்டி எங்கே என்று வாய் திறந்து கேட்கமுடியாது, திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான் என்று எண்ணிக்கொண்டாள்.

பாட்டு முடிந்து லெம்பி அறைக்குப் போய்விட்டு வந்தாள். இந்தத் தடவை கை ஈரமில்லை, முகம் சுண்டியிருந்தது. ஐலியை ஏற இறங்கப் பார்த்தாள். தேளின் வலி என்று ஐலி உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் லெம்பி நாற்காலியை நகர்த்திப்போட்டு மகன் காதில் என்னவோ முணுமுணுத்தாள். எர்க்கி ஐலியைப் பார்த்தான், தூலாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். தூலா அம்மாவைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. நீ குடிச்சியா?"

"நானா?"

"அவங்க கொண்டுவந்த நாலு புட்டியும் காணோமாம். அறையில நீங்க ரெண்டு பேருதான். ஒரே மத்தியானத்துல நாலையும் காலி பண்ணிட்டாங்களே உங்கம்மான்னு எர்க்கி கேக்கிறான்."

ஐலி பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கியில் அவள் அறை எண்ணைச் சொல்லி உடனே வரும்படி கூப்பிட்டார்கள்.

பக்கத்து அறைக்காரர் துப்பாக்கிச் சத்தம் என்று புகார் சொல்லியிருந்தார். இவர்கள் போய்ச் சேரும்போது ரைமோ கதவைத் திறந்து நின்றான். குளியலறைத் தகரம் வளைந்து தொங்கியது. சுவரெல்லாம் நுரை, தரையெல்லாம் கண்ணாடித் தூள், முகம் பார்க்கும் கண்ணாடியில் கறுப்புக் கறுப்பாக உலர்திராட்சை ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று புட்டி வெடித்துவிட்டது. நாலாவதை ரைமோ ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தான்.

"யார் புட்டி?" என்றான்.

"என்னோடது. சிமா. பண்டிகைக்குப் போட்டது," என்றாள் லெம்பி.

வாப்பு அன்றைக்குப் பச்சைப்பிள்ளை முதல் பாதிரியார் வரை குடிக்கிற பானகம் அது. சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டு, ஈஸ்ட்டை உதிர்த்துவிட்டு, குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் வைத்தால் திராட்சை மேலே மிதந்து வரும், தயார் என்று அர்த்தம். அதைக் குடி என்று அந்த நாட்டில் யாரும் நினைப்பதில்லை. மதுவிலக்குச் சங்கக் கூட்டத்திலேயே ஊற்றிக் கொடுப்பார்கள். வாசலில் ஒப்படைக்க வேண்டிய சாமான் அது என்று லெம்பிக்குத் தோன்றவே இல்லை.

ரைமோ ஐலியைப் பார்க்காமல் பேசினான். "பிடிபட்டா எல்லாரும் சிமான்னுதான் சொல்வாங்க, நம்பாதேன்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கதான் அக்கா. சரி, சிமாவாவே இருக்கட்டும். அதை எதுக்கு இந்த அம்மா தகரத்தைக் கழட்டி உள்ளே ஒளிக்கணும்?"

"நான் அங்கே வைக்கலை," என்றாள் லெம்பி. "பையிலதான் வச்சேன். ரயில்ல குலுங்கினதுல பொங்க ஆரம்பிச்சிருந்தது. அப்பப்ப போய் மூடியைத் தளர்த்திக் காத்தை விட்டுட்டு வந்தேன். அப்புறம் புட்டியைக் காணோம்."

சின்ன அறை, ஐந்து பேர். அந்தத் தகரம் கழலும் என்று தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். ரைமோ அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐலி சும்மா இருந்தாலே போதும், புட்டி தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட வெளியூர்க்காரி தலையில் பழி இறங்கும், ஸ்டாக்ஹோமில் இறக்கிவிட்டுவிடுவார்கள். தூலா எர்க்கியின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கையை விடுவிக்கவுமில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை. ஐலி அந்தக் கையைப் பார்த்தாள்.

"நான்தான் வச்சேன், ரைமோ," என்றாள். "இவங்க பையைத் திறந்து எடுத்து, நான்தான் வச்சேன். கில்யுன்னு நெனைச்சேன்."

லெம்பி அந்த நாலாவது புட்டியைக் கேட்டு வாங்கினாள். கம்பியை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தளர்த்தினாள். சீறி அடங்கியது. பல் விளக்கும் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி ரைமோவிடம் நீட்டினாள். அவன் குடித்துவிட்டு, சிமாதான், ஆனால் கொஞ்சம் போதை ஏறியிருக்கிறது என்றான். லெம்பியும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் கொண்டுவந்தப்ப இது சிமா," என்றாள் ஐலியிடம். "உங்க சூட்டுலதான் இது வேற ஆயிடுச்சு."

வெட்டு ஒன்று துண்டு இரண்டாக அப்படிச் சொல்லிவிட்டு, குனிந்து கண்ணாடித் தூளைப் பொறுக்கத் தொடங்கினாள். ஐலியும் பக்கத்தில் குந்தினாள். விடுங்கள், கையைக் கிழித்துக்கொள்வீர்கள் என்றுகூட லெம்பி சொல்லவில்லை. இரவு ஒரே அறையில் படுத்தார்கள், துர்க்கு வரும்வரை பேச்சில்லை.

நாலாவது புட்டிக்குச் சீட்டுக் கட்டிக் கிடங்கில் வைத்தார்கள், சட்டம் சட்டம்தானே. ரைமோ நடந்ததை நடந்தபடி மேலதிகாரியிடம் சொன்னான், வாசலில் பையைப் பார்க்காமல் விட்டதையும் சேர்த்து. அவர் ஐலியை வேலையை விட்டுத் தள்ளவில்லை, வாசலிலிருந்து எடுத்துப் படுக்கைத்துணி அறையில் போட்டார். ஓய்வு பெறும்வரை அவள் அங்கேதான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் இறங்கும்போது லெம்பி சீட்டைக் கொடுத்துப் புட்டியை வாங்கினாள். துறையோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐலி நின்றுகொண்டே இருந்தாள். பிள்ளைகள் இரண்டும் தள்ளி நின்று, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பார்த்தார்கள்.

"சம்பந்தியம்மா," என்றாள் லெம்பி. அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "பையைத் திறந்தது எனக்குப் பிடிக்கலை. கேட்டிருந்தா நானே திறந்து காட்டியிருப்பேன். ஆனா வாயை மூடிக்கிட்டு என்னை மாட்டி விட்டிருக்கலாம், நீங்க செய்யலை. அதனால சொல்றேன், கேட்டுக்குங்க. கல்யாணத்துக்குச் சிமா நான்தான் போடுவேன். ஒரு வாரம் முன்னாலேயே நீங்க எங்க வீட்டுக்கு வந்துடணும். வேளைக்கு ஒரு தரம் மூடியைத் தளர்த்திக் காத்து விடுற வேலை உங்களோடது."

புட்டியைத் திறந்து அவளிடம் நீட்டினாள். ஐலி வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோகும் வழியில், பழக்கதோஷம், மூக்கருகே ஒரு கணம் நிறுத்தினாள்.

"மோந்தது போதும், குடிங்க," என்றாள் லெம்பி.

கல்யாணம் அந்தக் கோடையிலேயே கவுஹவாவில் நடந்தது. ஐலி சொன்னபடி ஒரு வாரம் முன்னாலேயே போய், நிலவறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு புட்டி விடாமல் மூடி தளர்த்தினாள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. லெம்பியின் புருஷன் மட்டும் அடிக்கடி விறகுக்கொட்டகைப் பக்கம் போய்வந்ததை அவள் பார்த்தாள். இந்தத் தடவை எதையும் திறக்கவில்லை. நேரே லெம்பியிடம் போய், ஒன்று கேட்கலாமா என்றாள்.