பிரதாப்பின் வால்வும் என் பிரேக் ஒயரும்

பிரதாப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

என் பெயர் வெங்கடப்பன். ஊர் கெலவரப்பள்ளி. ஓசூர் சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு லோடு தூக்கப் போனவன் நான்; அங்கே மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஆவதற்குள் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமாவோடு வந்த பிரதாப்புக்கு அதற்கு எட்டே மாதம். மேனேஜர் பாலாஜி என்னிடம் தெலுங்கில் வேலை ஏவுவார், அவனிடம் இங்கிலீஷில் யோசனை கேட்பார். எரியாதா?

பெயிண்ட் கிடங்கில் தீப்பிடித்தால் ஆள் உள்ளே போகாமல் அணைக்க ஒரு ரோபோ செய்தோம். சக்கரம், கேமரா எல்லாம் தயார். அதன்மேல் நிற்கும் தீயணைப்புப் பவுடர் சிலிண்டரை எதை வைத்துத் திறப்பது என்பதுதான் பாக்கி. லீவரைக் கழற்றிவிட்டுக் கரண்டில் திறக்கும் வால்வைப் போடலாம் என்றான் பிரதாப். லீவர் இருக்கட்டும், பைக் பிரேக் ஒயரைக் கட்டி, கார் வைப்பர் மோட்டாரால் இழுத்து அமுக்கலாம் என்றேன் நான்.

"ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க. வெள்ளிக்கிழமை பாத்து ஒண்ண எடுத்துக்கலாம்" என்றார் பாலாஜி.

'இது வெங்கடப்பன் செய்தது' என்று காட்ட அந்தக் கம்பெனியில் ஒரு திருகாணிகூடக் கிடையாது. இந்த ஒன்றாவது நிற்கவேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி.

வியாழன் சாயங்காலம் அவன் தன் சிலிண்டரில் வால்வை மாட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். என் கை சும்மா இருக்கவில்லை. ஒயர் சரியாக இழுக்கிறதா என்று பார்க்க என் சிலிண்டரை ஒரே ஒரு தடவை, புஸ்ஸென்று அடித்தேன். அருமையாக வந்தது. லீவரின் சேஃப்டி பின்னைத் திரும்பச் செருகிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் ஷெட்டுக்குப் பின்னால் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். பிரதாப்பின் வால்வு திறந்தது, தீ அடங்கியது, எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் காது கூசியது. அடுத்து என்னுடையது. மோட்டார் சுற்றியது, லீவர் முழுசாக இறங்கியது. ஒன்றும் வரவில்லை. தீ பாட்டுக்கு ஜோராக எரிந்தது.

"ஏமி வெங்கடப்பா?" என்றார் பாலாஜி.

பிரதாப் குனிந்து சிலிண்டரைப் பார்த்தான். பிரஷர் முள் சிவப்பில் கிடந்தது. ஒரு நொடி அழுத்தினாலும் வாயில் பவுடர் சிக்கிக் காற்று கசிந்துகொண்டே இருக்கும், உடனே ரீஃபில்லுக்கு அனுப்பவேண்டும். ஃபயர் டிரில்லில் இதைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். பொறாமையில் எனக்கே மறந்துபோயிற்று. குழாய் முனையில் ஒட்டியிருந்த பொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கண்டுபிடித்துவிட்டான். போச்சு, மானம் போச்சு என்று நின்றேன்.

"சார், சிலிண்டர்லதான் பிரஷர் இல்ல. அண்ணன் செஞ்சது நல்லாத்தான் அமுக்குது. வேற சிலிண்டர் வச்சுப் பாருங்க" என்றான்.

வைத்தார்கள். தீ அணைந்தது. மறுபடியும் கொளுத்தி, சிலிண்டர்களை மாற்றி, இரண்டையும் இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார் பாலாஜி. என்னுடையது அடித்தது. அவன் வால்வில் பவுடர் அடைத்துக்கொண்டது, திறக்கவே இல்லை.

"அண்ணனோடதையே எடுத்துக்கங்க சார்" என்று அவனே சொன்னான். அதுவும் சிரித்த முகத்தோடு!

இப்போது ரோபோவில் இருப்பது என் ஒயர்தான். "அந்தப் பிரதாப் நல்ல புள்ள, ஒரு நாள் சாப்பிடக் கூப்புடுங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி சுசித்ரா. எந்த முகத்தோடு கூப்பிடுவது? அன்றைக்கு அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பாவி, அதற்கும் வழி வைக்கவில்லை.