இரண்டு துண்டு அன்னாசி

அன்னாசிப் பழம் உடம்புக்கு நல்லது என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சீரணம் ஆகுமாம், வைட்டமின் இருக்கிறதாம். இருக்கட்டும். வெறும் வயிற்றில் தின்றால் நெஞ்சு எரியும், அதிகம் தின்றால் நாக்கு வெந்துபோகும், அதுவும் உண்மைதான். நம் ஊர்ப் பழமே இல்லை அது. போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. பெயரும் அவர்களோடு வந்ததுதானாம். அதை என் தலையில் கட்டியவர் மட்டும் என் மாமியார்.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி அண்ணனூருக்கு வந்தேன். மாமனார் காலம்வரை அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்த குடும்பம். என் வீட்டுக்காரர்தான் முதன்முதலாக அம்பத்தூரில் பாக்டரி வேலைக்குப் போனவர். அதனால் அந்த வீட்டில் அவரை ஒருவரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். எனக்கு மூன்று மாதம் ஆனபோது மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். பப்பாளி கூடாது, எள்ளு கூடாது, அன்னாசியை மோந்துகூடப் பார்க்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் நானும் துணி எடுக்கப் பூந்தமல்லிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு தள்ளுவண்டிக்காரன் உப்புத் தண்ணீரில் ஊறிய அன்னாசித் துண்டுகளை எடுத்து, மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மசக்கையில் ஒரு வாரமாக எதுவும் இறங்காத எனக்கு அந்த வாசனைக்கே எச்சில் ஊறியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வாங்கி நீட்டினார்.

"உங்கம்மா வேணாம்னு சொல்லிச்சே."

"அது கெடக்குது. ரெண்டு துண்டுல இன்னா ஆயிடப் போவுது? துன்னுமே."

தின்றேன். அப்படியொரு ருசி. பத்தாம் நாள் கரு கலைந்துவிட்டது.

"இன்னாத்த துன்ன?" என்று மாமியார் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். புத்திகெட்டவள், உண்மையைச் சொன்னேன். யார் வாங்கிக் கொடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை. புருஷனை அவன் தாயிடம் மாட்டிவிடக் கூடாது என்று சொல்லித்தானே என்னை வளர்த்தார்கள்! அவரே சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

"நாக்கு ருசிக்கு வவுத்துப் புள்ளைய துன்னுட்டா" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று பெண்களைப் பெற்றேன். இருந்தும் எந்த வளைகாப்பிலும் என் கையால் வளையல் போட விடவில்லை. எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டு எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போவார்கள். அவர்களைச் சொல்லி என்ன? நானே நம்பினேன். என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று எத்தனை வருஷம் அழுதிருப்பேன்!

எழுபதுகளில் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. "மூணு பொட்டைங்க போறாதா?" என்று சொல்லிவிட்டு மாமியாரே போய் அன்னாசி வாங்கி வந்தார். ஆமாம், அதே மாமியார். தோல் சீவி, துண்டு போட்டு, அப்படியே என் முன்னால் வைத்தார். உப்புத் தண்ணீரில் போடவில்லை. போட்டால் வீரியம் போய்விடுமாம். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூன்று நாள், நாளுக்கு ஒரு முழுப் பழம். நாக்கு வெடித்து, துப்பினால் ரத்தம் வந்தது. ரசம் சோறுகூட வாயில் வைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். வயிறு அது பாட்டுக்கு வளர்ந்தது.

ஆவடி ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அங்கிருந்த நர்ஸம்மாவிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "ரெண்டு துண்டு பழத்துல கரு கலையாதும்மா. நெறைய துன்னா வாய்தான் புண்ணாவும். மூணு மாசத்துல தானா கலையறது எத்தினியோ பேருக்கு நடக்குது. அது உன் தப்பு இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்தால், மாமியார் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்குக் கல்கண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தே, ரெண்டு துண்டு துன்னு புள்ளைய கொன்னுட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. முழுப் பழமா துன்ன வெச்சீங்களே, இவன் எப்படி பொறந்தான்? அன்னிக்கு எனக்கு வாங்கிக் குடுத்தது யாருன்னு உங்க புள்ளைய கேளுங்க."

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து வாயைத் திறந்தார்.

"நாந்தாம்மா வாங்கிக் குடுத்தேன்."

மாமியார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நீ ஆம்பள, உனக்கு இன்னா தெரியும் நைனா? நீ குடுத்தா துன்னுடறதா? இவளுக்கு எங்க போச்சி புத்தி?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.